நெஞ்சைத் திறப்பது விளையாட்டா?



குறிஞ்சிப்பாடி நெசவாளர் ஊர். இங்கே கைலி உடுத்தாத ஆணுமில்லை; தறியின் ஓசை கேட்டு வளராத பிள்ளையும் அரிது. அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் திண்ணையில் சிறிது நேரம் அமர்ந்து பேசிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அப்படி ஒரு மாலையில் நடந்த பேச்சைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். அதில் எனக்கும் ஒரு பங்குண்டு. அது பெருமைப்படத்தக்க பங்கன்று.

எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், நாற்பது ஆண்டுகள் தறியில் உழைத்தவர், அன்று சற்றுச் சோர்வாக அமர்ந்திருந்தார். விசாரித்தபோது, இதயத்திற்குச் செல்லும் மூன்று இரத்தக் குழாய்களில் அடைப்பு இருப்பதாகவும், நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டதாகவும் கூறினார். ஒரு கணம் அமைதி. பிறகு அந்த அமைதியைத் தாங்க மாட்டாமல் ஒருவர் ஆரம்பித்தார்.

"இதுக்கா பட்டணம் போகணும்? ஒரு பிளேடு, ஒரு ஊசி, நாலு முழம் நூல் கொடுங்க. தறியில அறுந்த இழையை நாள் முழுக்க முடியிறவங்க நாம. ஒரு நரம்பை முடிய மாட்டோமா?"

மோட்டார் பட்டறை வைத்திருக்கும் தம்பி விடவில்லை. "அடைப்பு எடுக்கிறதுதானே? கார்புரேட்டர்ல தினமும் நான் செய்யிற வேலை" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல், "மயக்க மருந்துச் செலவும் மிச்சம். என் மதரஸா பாடத்தில் கால் மணி நேரம் உட்கார வைத்தால் போதும்" என்று என் பங்கையும் சேர்த்தேன். பெரியவரும் சிரித்தார். மஃரிப் பாங்கு ஒலிக்கவே எழுந்து போனோம். அந்தச் சிரிப்பு எங்கே போய் நின்றது என்பதைப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன், நாங்கள் எதைப் பற்றிச் சிரித்தோம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கைப்பிடி அளவு அமானிதம்

மூடிய கைப்பிடியின் அளவே உள்ளது இதயம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. அது உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பினாலும், அதன் தசைக்கு உணவூட்டுபவை அதன் மேற்பரப்பில் ஓடும் சில மெல்லிய குழாய்களே. அவற்றின் உள்விட்டம் சுமார் மூன்று மில்லிமீட்டர். அவை அடைபட்டால், காலிலிருந்து ஒரு சிரையையோ, நெஞ்சின் உட்புறமுள்ள ஒரு தமனியையோ எடுத்து, அடைப்பைத் தாண்டி மாற்றுப் பாதை அமைக்கிறார்கள். இதுவே பைபாஸ் எனப்படுவது.

நெசவாளச் சகோதரர்களுக்கு நூலின் கவுண்ட் தெரியும். எண் கூடக் கூட இழை மெல்லியதாகும். அறுவை நூலிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு; பூஜ்யங்கள் கூடக் கூட இழை நுண்ணியதாகும். இதயக் குழாய்களைத் தைக்கும் நூல் தலைமுடியளவு மெல்லியது. அதைக் கொண்டு, உருப்பெருக்கும் கண்ணாடி அணிந்து, இரத்தம் கசியாதபடி வட்டமாகத் தைக்க வேண்டும். அறுந்த பாவு இழையை முடிந்து ஓட்டினால் துணியில் சிறு முடிச்சு விழும்; வாங்குபவர் விலையைக் குறைத்துக் கேட்பார். இங்கே ஒரு முடிச்சு பிசகினால் போவது விலையன்று, உயிர்.

பெரும்பாலான இதய அறுவைகளில் இதயத்தை நிறுத்தி வைத்தே வேலை செய்கிறார்கள். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி அதன் துடிப்பை அடக்குகிறார்கள். அந்நேரத்தில் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன் பல்லாண்டுகள் முயன்று உருவாக்கிய அவ்வியந்திரத்தைக் கொண்டு 1953 மே 6 அன்று ஓர் இளம் பெண்ணின் இதயத்தில் இருந்த துளையை மூடினார். இரத்த ஓட்டம் சில நிமிடங்கள் நின்றாலே மூளை சேதமடையத் தொடங்கிவிடும். ஆகவே அறுவை செய்பவர், மயக்க மருத்துவர், இயந்திரத்தை இயக்குபவர், செவிலியர் என ஒரு குழுவே மூச்சடக்கி நிற்கிறது. நம் நாட்டில் முதன்முதலாக பைபாஸ் செய்தவர் காலஞ்சென்ற டாக்டர் கே.எம். செரியன்; செய்த இடம் நம் சென்னையின் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனை; ஆண்டு 1975.

இதற்குரிய கல்வி எவ்வளவு? எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டுகள். அதன்மேல் பொது அறுவையில் எம்.எஸ். மூன்று ஆண்டுகள். அதன்மேல் எம்.சிஎச். மூன்று ஆண்டுகள். ஆக பதினோராண்டுகளுக்கு மேல். அதன் பின்னும் மூத்தவரின் பக்கத்தில் நின்று பழகும் காலம் தனி.

விளையாட்டு வினையான கதை

'நாங்கள் பேசியது வெறும் வேடிக்கை. யார் உண்மையிலேயே கத்தியெடுக்கப் போகிறார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். எடுத்திருக்கிறார்களே!

2007ஆம் ஆண்டில் திருச்சி மாவட்டம் மணப்பாறையில் நடந்த ஒரு நிகழ்ச்சி நாடெங்கும் பேசப்பட்டது. மருத்துவத் தம்பதியரின் பதினைந்து வயது மகன் ஒரு கர்ப்பிணிக்கு சிசேரியன் அறுவை செய்ததாகச் செய்தி வந்தது. 'உலகின் மிக இளைய அறுவை மருத்துவர்' என்று கின்னஸ் புத்தகத்தில் பெயர் வரவேண்டுமாம். அதைப் படம் பிடித்து, உள்ளூர் மருத்துவர் சங்கக் கூட்டத்தில் போட்டும் காட்டினார்கள். பார்த்த மருத்துவர்கள் அதிர்ந்தார்கள். விசாரணையும் வழக்கும் எழுந்தன. அறுவை மேசையில் கிடந்தவள் யாரோ ஒரு தாயின் மகள். அவளுடைய வயிறு ஒரு சிறுவனின் சாதனைப் பலகையாயிற்று. பெற்ற பிள்ளையின் மீதுள்ள பெருமிதம் எவ்வளவு தூரம் கண்ணை மறைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதயத்தைப் பற்றிய செய்தி இன்னும் கொடியது. மத்தியப் பிரதேசத்தின் தமோ நகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் இதய நோய் நிபுணர் என்ற பெயரில் ஒருவர் பணியாற்றினார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற இதய மருத்துவர் ஒருவரின் பெயரையே அவர் தமக்குச் சூட்டிக்கொண்டிருந்தார். குழாய் செலுத்தி இதய அடைப்பைப் பரிசோதிப்பதும், அதை விரிப்பதும் அவர் செய்த வேலைகள். சிகிச்சை பெற்றவர்களில் ஏழு பேர் இறந்ததாகப் புகார் எழுந்தது. சான்றிதழ்கள் போலியானவை என்ற குற்றச்சாட்டின் பேரில் 2025 ஏப்ரலில் அவர் பிரயாக்ராஜில் கைது செய்யப்பட்டார். தேசிய மனித உரிமை ஆணையமும் விசாரணையில் இறங்கியது. குற்றத்தைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். ஆனால் அந்த வீடுகளில் ஏற்பட்ட வெற்றிடத்தை எந்தத் தீர்ப்பு நிரப்பும்?

போலி மருத்துவர் செய்யும் கூத்தைத் திரையில் கண்டு நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். திரையில் நோயாளி எழுந்து நடப்பார். தமோவில் எழுந்து நடக்கவில்லை.

பக்தாதில் நடந்த தேர்வு

இந்நோய் இன்று தோன்றியதன்று. ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931இல், பக்தாதில் ஒரு மருத்துவர் செய்த தவறினால் ஒருவர் இறந்துபோனார். செய்தி கலீஃபா முக்ததிரின் செவிக்கு எட்டியது. 'தேர்வில் தேறாத எவரும் இனி மருத்துவம் செய்யலாகாது' என்று ஆணை பிறந்தது. தேர்வு நடத்தும் பொறுப்பு ஸினான் இப்னு ஸாபித் என்ற தலைமை மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தார்கள் என வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தீ எழுதி வைத்திருக்கிறார்.

அவர்களுள் ஒருவர் நல்ல உடையணிந்த முதியவர். ஸினான் அவரை மரியாதையுடன் அமர்த்தி, 'யாரிடம் கற்றீர்கள்?' என்று கேட்டார். முதியவர் பொற்காசுப் பொட்டலம் ஒன்றை முன்னால் வைத்து, தமக்கு எழுதப் படிக்கச் சரிவரத் தெரியாதென்றும், குடும்பம் இத்தொழிலை நம்பியே இருப்பதால் பிழைப்பைக் கெடுத்துவிட வேண்டாமென்றும் கெஞ்சினார். ஸினான் சிரித்துவிட்டார். தெரியாத நோயில் கை வைக்கக் கூடாது, இரத்தம் எடுப்பதும் கடும் பேதி கொடுப்பதும் கூடாது என்ற நிபந்தனையோடு அவரை விட்டுவிட்டார். 'என் வாழ்நாளில் சர்பத்துகளைத் தாண்டி நான் போனதேயில்லை' என்றார் முதியவர். மறுநாள் ஓர் இளைஞன் வந்தான். 'யாரிடம் கற்றாய்?' 'என் தந்தையிடம்.' 'தந்தை யார்?' 'நேற்று உங்களிடம் வந்திருந்தாரே, அந்தப் பெரியவர்தான்!'

நாமும் சிரிக்கிறோம். ஆனால் இந்தக் கதையின் உயிர்நாடி எது? ஸினான் வயோதிகரின் வயிற்றில் அடிக்கவில்லை. அதே சமயம் கத்தியை அவர் கையில் கொடுக்கவுமில்லை. அறியாதவனுக்கும் ஆபத்தான கருவிக்கும் இடையே கோடு கிழித்தார்.

அதே மரபில் வந்தவர்தாம் இப்னு நஃபீஸ். 1242ஆம் ஆண்டளவில், இதயத்தின் வலப்புற அறையிலுள்ள இரத்தம் நடுச்சுவரின் துளை வழியாக இடப்புறம் செல்லவில்லை, நுரையீரல் வழியாகச் சுற்றியே வருகிறது என்று எழுதினார். அதற்கு முன் ஆயிரமாண்டுகளாக ஏற்கப்பட்டிருந்த கருத்தை அவர் மறுத்தார். 'எனக்குத் தோன்றுகிறது' என்று துணிந்ததால் அன்று. ஆழ்ந்து கற்றதால் மறுத்தார்.

பட்டமில்லாத மேதை

'அப்படியானால் பட்டம்தான் அறிவா?' என்று கேட்கும் வாசகருக்கு ஒரு வரலாறு. அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞர் தச்சு வேலை செய்துவந்தார். மருத்துவம் படிக்கச் சேர்த்து வைத்த பணம் பொருளாதார வீழ்ச்சியில் வங்கியோடு போயிற்று. 1930இல் ஆல்ஃபிரட் பிளாலாக் என்ற மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். பிறவியிலேயே இதயக் கோளாறோடு உடல் நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளைக் காப்பாற்றும் அறுவை முறையை, சுமார் இருநூறு நாய்களில் பயின்று பயின்று செம்மைப்படுத்தினார். 1944 நவம்பர் 29 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஒரு பச்சிளம் பெண் குழந்தைக்கு அந்த அறுவை செய்யப்பட்டது.

கத்தி பிடித்தவர் பிளாலாக். அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்று, ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னவர் தாமஸ். அந்த அறுவையை அவர் அளவுக்குச் செய்து பழகியவர் அந்த அறையில் எவருமில்லை. ஆயினும் மனிதரின் நெஞ்சில் அவர் கத்தி வைக்கவில்லை. தமக்கு அதற்கு உரிமையில்லை என்பதை அறிந்திருந்தார். அந்நாட்டின் நிறவெறி அவருக்குரிய மரியாதையைப் பல்லாண்டுகள் மறுத்தது அநீதியே. 1976இல்தான் அப்பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. எல்லாம் அறிந்த தாமஸ் கையை அடக்கினார். ஒன்றும் அறியாத நாங்கள் திண்ணையில் கையை நீட்டினோம்!

மார்க்கம் என்ன சொல்கிறது?

மருத்துவத்தில் அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால், அதற்கு அவரே பொறுப்பாளி என்பது நபி (ஸல்) அவர்களின் வாக்கின் கருத்து. அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்று தப்பிக்க இடமில்லை. இந்நாட்டுச் சட்டமும் இதற்கு மாறாக இல்லை. தாம் பயிலாத மருத்துவ முறையில் சிகிச்சை அளிப்பதே கவனக்குறைவு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019இன்படி, தகுதியின்றி மருத்துவம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

தலையில் காயம்பட்ட ஒருவர் குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தெளிவாக அறியாத அவர்கள், 'அனுமதி இல்லை' என்றனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள். அவர்கள் கத்தி எடுக்கவில்லை; ஒரு சொல்தான் சொன்னார்கள். அறியாத சொல்லும் உயிரைப் போக்கும் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அப்படியென்றால் சிரிக்கவே கூடாதா? அப்படியன்று. வாகனம் கேட்டு வந்தவரிடம், 'ஒட்டகக் குட்டியில் ஏற்றிவிடுகிறேன்' என்று சொல்லி, அவர் திகைத்தபோது, 'எல்லா ஒட்டகமும் ஒரு ஒட்டகத்தின் குட்டிதானே' என்று விளக்கிய நபி (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். ஆனால் உறங்கிக்கொண்டிருந்த ஒருவரின் கயிற்றை வேடிக்கையாக எடுத்து, அவர் திடுக்கிட்டு விழித்தபோது, ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது ஆகாது என்று தடுத்ததும் அவர்களே. சிரிப்பு ஆகுமானது, அது யாருடைய அச்சத்தின் மேல் விழுகிறது என்று பார்த்துச் சிரிக்க வேண்டும்.

திண்ணைச் சிரிப்பு போய் நின்ற இடம்

நான்கு மாதங்கள் கழித்து, மக்தபில் பாடம் முடிந்த வேளையில் அந்தப் பெரியவரின் மகள் வந்து நின்றார். "ஹஜ்ரத், அத்தா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கிறாங்க. டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்திட்டாங்க. வெளியூர்ல யாரோ ஒருத்தர்கிட்ட பொடி வாங்கிச் சாப்பிடுறாங்க, அடைப்பு கரைஞ்சிடுமாம். கேட்டா, 'எல்லாரும் சிரிக்கிற விஷயத்துக்கா நெஞ்சைக் கிழிச்சுக்கணும்'ங்கிறாங்க. ஹஜ்ரத்தும் அன்னைக்குச் சிரிச்சாங்களாமே..."

அந்தப் பெண் குற்றம் சாட்டவில்லை, அழுதார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

அன்றிரவு இஷாவுக்குப் பின் பெரியவர் வீட்டிற்குச் சென்றேன். உபதேசம் செய்யப் போகவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "நீங்க என்ன செஞ்சீங்க ஹஜ்ரத்? எனக்குப் பயம். நீங்கள்லாம் சிரிச்சதும், இது பெரிய சீக்கில்லன்னு நம்பிக்கிறதுக்கு வசதியா இருந்துச்சு."

வாசகர்களே, இதைத்தான் நான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். எங்களுள் எவரும் அவர் மீது பிளேடை வைக்கவில்லை. ஆனால் அவருடைய அச்சத்திற்கு ஒளிந்துகொள்ள ஓரிடம் கட்டிக் கொடுத்தோம்.

அல்லாஹ்வின் அருளால் அவர் சம்மதித்தார். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், சென்னையின் அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவை நடந்தது. உயிர் பிழைத்தார். எனினும், தாமதித்த மாதங்களில் இதயத் தசை சற்றுப் பலவீனமடைந்துவிட்டதாக மருத்துவர் சொன்னார். அந்தப் பலவீனத்தில் என் பங்கு எவ்வளவு என்பதை அல்லாஹ்வே அறிவான்.

நம் கை செய்யக்கூடியது

மருத்துவர் அல்லாத நம் கைக்கும் இதய விஷயத்தில் வேலை உண்டு. அவற்றை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சில் அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லா வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால், 'வாய்வு' என்று சோடா வாங்கிக் கொடுத்துக் காலம் கடத்தாதீர்கள், 108ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி தெளிவாகத் தெரியாமலும் இருக்கலாம். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் தரப்படுகின்றன.

ஒருவர் நினைவிழந்து, மூச்சும் இல்லாமல் விழுந்துவிட்டால், 108க்குச் சொல்லிவிட்டு, அவரை மல்லாத்திக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு நூறு முதல் நூற்றிருபது முறை விடாமல் அழுத்துங்கள். இதற்குப் பட்டம் வேண்டியதில்லை. அரை நாள் பயிற்சி போதும். ஜமாஅத்துகள் இப்பயிற்சியைப் பள்ளிவாசல் வளாகத்தில் ஏற்பாடு செய்யலாமே!

சிகிச்சையளிப்பவர் மீது ஐயம் எழுந்தால் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். உண்மையான மருத்துவர் கோபிக்கமாட்டார். 'அறுவையின்றி அடைப்பு கரையும்' என்று உறுதி கூறும் பொடி வியாபாரியிடம் மட்டும் கேட்டுப் பாருங்கள், கோபம் வரும்.

பெரியவர் இப்போது மெல்ல நடந்து அஸர் தொழுகைக்கு வருகிறார். சென்ற மாதம் திண்ணையில் சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சின் நடுவே நீண்டோடும் தழும்பைக் காட்டினார். "பாத்தீங்களா, எப்படிப் பாவு ஓட்டியிருக்காங்க! ஒரு இழை தப்பல" என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்த நகைச்சுவைக்கு உரிமை படைத்தவர் அவர் ஒருவரே.

அறியாததில் கை வைக்காமலும், அறியாததைப் பற்றி வாய் திறக்காமலும், நோயுற்றோரின் அச்சத்தைத் தணிப்பவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.